குசினி யன்னலால் வந்த குரல்: ஃபைரூஸ் மாலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊர் வாசிகசாலையில் லெபனான் பாடகி ஃபைரூஸின் பாட்டுகளைக் கேட்க வந்த அத்தனை பேருக்கும், வர முடியாமல் போனாலும் உதவி செய்தவர்களுக்கும் இந்த மடல். கூட்டம் முடியும்போது நன்றி சொல்லச் சொல்லி மைக்கைக் கையில் தந்தார்கள். நாலு சொல்லுக்கு மேல் வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. எழுதினால் ஒருவரையும் விடாமல் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் திடீரென்று ஃபைரூஸ் என்று பலர் கேட்டீர்கள். 2025 ஜூலை 26ஆம் திகதி அவருடைய மகன் ஸியாத் ரஹ்பானி பெய்ரூட்டில் காலமானார். இரண்டு நாள் கழித்து மலைப்பக்கம் பிக்ஃபாயாவில் இறுதிச் சடங்கு. கறுப்பு உடுப்பும் தலையில் கறுப்புத் துணியும் கறுப்புக் கண்ணாடியுமாக, தொண்ணூறு வயதை எட்டிய அந்த அம்மா தேவாலயத்தில் அசையாமல் இருந்ததை இங்கே மட்டக்களப்பில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தேன். வெளியில் வராமலே பல வருடங்களைக் கழித்தவர். 1988இல் மகள் லயாலைப் பறிகொடுத்தவர். "யார் மாமி இது, நீங்க ஏன் அழுறீங்க?" என்று மருமகள் கேட்டாள். அவளுக்குச் சொல்லத் தொடங்கிய கதை விடியும் வரை நீண்டது. "இதை ஊருக்கே சொல்லுங்க மாமி" என்றவளும் அவள்தான். அதனால் முதல் நன்றி உனக்குத்தான் மகள்.

நான் 1997இல் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனேன். முதலில் வேலை செய்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஏழு மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. அந்த வீட்டுக் குசினிக்கு ஒரு சின்ன யன்னல் இருந்தது. விடியப்புறம் பாத்திரம் கழுவும்போது எதிர்வீட்டு ரேடியோவில் ஒரு பெண் பாடுவார். அரபு எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே குரல். மத்தியானமும் இரவும் வேறு வேறு ஆட்கள் பாடுவார்கள், காலை மட்டும் அவருடையது. லெபனான் முழுக்க அதுதான் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. வீடு, கடை, டாக்ஸி எங்கே போனாலும் காலைக் கோப்பியோடு ஃபைரூஸ்.

பெயரைச் சொன்னவர் அந்தக் கட்டடத்தின் காவல்காரர், அங்கே 'நாத்தூர்' என்பார்கள். சிரியாக்காரர். குப்பை வாளி எடுக்க வந்தவரிடம் மேல்யன்னலைக் கையால் காட்டி யார் என்று கேட்டேன். நெஞ்சில் கை வைத்து "ஃபைரூஸ்" என்றார். எங்கள் டமாஸ்கஸிலும் காலையில் இவர்தான் என்றார். அறுபதுகளில் வருடம் தவறாமல் டமாஸ்கஸ் கண்காட்சிக்கு வந்து பாடுவாராம், அவருடைய தகப்பன் போய்க் கேட்டிருக்கிறார். இதையெல்லாம் பாதி சைகையில்தான் விளங்கிக்கொண்டேன். கீழ்மாடியில் வேலை செய்த குருநாகல் அக்காவிடம் என் துண்டுக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இதே மனிதர். அக்கா ஆட்களைப் பிடித்து என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்தார். அக்கா, நீங்கள் தமிழ் வாசிக்க மாட்டீர்கள், ஆனாலும் இதில் உங்களை விட்டுவிட முடியாது.

அதன் பிறகு பெய்ரூட்டின் அஷ்ரஃபியே பகுதியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எட்டு வருடம் அவரோடு இருந்தேன். பேரப்பிள்ளைகள் 'தெத்தா' என்று கூப்பிடுவார்கள், பாட்டி என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட்டத்தில் நான் சொன்ன கதைகளில் பாதிக்கு மேல் தெத்தா சொல்லித் தந்தவை. ரேடியோவைப் போடுவார், கோப்பியை இரண்டு குவளையில் ஊற்றுவார், ஒன்றை என் பக்கம் தள்ளுவார். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அர்த்தம் சொல்வார். என் அரபு முழுக்க அந்தக் கோப்பி மேசையில் படித்தது.

ஃபைரூஸின் உண்மைப் பெயர் நுஹாத் ஹத்தாத். 1930களின் நடுப்பகுதியில் பிறந்தவர். தகப்பன் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி. பெய்ரூட்டில் ஸுகாக் அல்-பிலாத் என்ற பகுதியில் நெருக்கமான சின்ன வீடு. ரேடியோ வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் பாடும் உம் குல்தூமையும் அஸ்மஹானையும் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளை பாடப் பழகியது. தெத்தா இதைச் சொன்ன அன்று என்னுடைய முதல் வீட்டு யன்னலைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் குரலைக் கண்டுபிடித்தவர் முகம்மது ஃப்லைஃபல் என்ற இசையமைப்பாளர். பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று தகப்பன் நின்றார். வீட்டார் ஒருவர் கூட வரலாம் என்ற பிறகுதான் சம்மதம். கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணுக்கு எழுத்து உச்சரிப்புத் துல்லியமாக வரவேண்டும் என்று குர்ஆன் ஓதும் முறையைப் பழக்கினார் ஃப்லைஃபல். 1950 அளவில் வானொலியில் கோரஸ் பாடப் போனார். அங்கே இசையமைப்பாளர் ஹலீம் அல்-ரூமி அவருக்கு இரண்டு பெயர்களைச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொன்னார். ஒன்று ஷஹ்ரஸாத், மற்றது ஃபைரூஸ். ஃபைரூஸ் என்றால் நீலப்பச்சைக் கல். ஆஸி ரஹ்பானியை அறிமுகம் செய்துவைத்தவரும் ஹலீம்தான். அன்தெலியாஸ் ஊரில் பொலிஸ் வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர் ஆஸி. 1955இல் இருவருக்கும் கல்யாணம். ஆஸியும் அவர் தம்பி மன்சூரும் எழுதி இசையமைக்க, இவர் பாட, லெபனானின் பாட்டே வேறாகிவிட்டது. 1957இல் பால்பெக் கோயில் இடிபாடுகளுக்குள், அந்தப் பெரிய ரோமத் தூண்களின் அடியில் நின்று பாடியபோது தெத்தாவும் கூட்டத்தில் இருந்தாராம். மேடையில் கையைக்கூட அசைக்காமல் நிற்பார் ஃபைரூஸ். அதைக் காட்ட தெத்தா குசினி நடுவில் நேராக எழுந்து நிற்பார்.

நடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நேரம் போதாமல் விட்டுவிட்டேன். மேடையில் பாட்டு நாடகங்கள் நிறைய, ஆனால் சினிமாப் படம் மூன்றுதான். 1965இல் மோதிரம் விற்பவன், எகிப்தின் யூசுஃப் ஷாஹீன் எடுத்தது. 1967இல் துருக்கியர் காலத்துக் கட்டாய வேலையைப் பற்றிய படம். 1968இல் காவல்காரனின் மகள். இந்தக் கடைசிப் படம்தான் என் படம். ஊரில் களவே இல்லை, காவலுக்கு ஆள் எதற்கு என்று தகப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மகள் இரவில் முகத்தை மூடிக்கொண்டு துவக்கால் சுட்டு ஊரைப் பயமுறுத்துவாள், அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதற்காக. சிரிப்புப் படம் என்பார்கள். எங்கள் அப்பாவும் நெற்களஞ்சியக் காவல் வேலையை இழந்து வீட்டில் இருந்தவர், அதற்குப் பிறகுதான் நான் விமானம் ஏறினேன். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

'நஸ்ஸம் அலைனா அல்-ஹவா' அந்தப் படத்துப் பாட்டுத்தான். காற்றிடம் என்னை ஊருக்குக் கூட்டிப்போ என்று கேட்கும் பாட்டு. இதைப் பற்றிச் சொல்லும்போது காத்தான்குடி மௌலவி அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். பாட்டுக் கேட்பதில் அவருக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, "சொற்களைத் தாளில் தாங்க, பார்த்துத் தாறேன்" என்றார். மூன்று பின்னேரம் எனக்காக இருந்தார். அவருக்கு இலக்கண அரபு தெரியும், எனக்கு லெபனான் குசினி அரபு தெரியும். 'ஹவா' என்றால் காற்று, அதே ஒலியில் இன்னொரு 'ஹவா' காதல். எழுதும்போது கடைசி எழுத்து மாறும், காதில் ஒன்றுதான். ஆகவே பாடும் பெண் காதலின் பெயரால் காற்றைக் கெஞ்சுகிறாள். தெத்தா கோப்பி மேசையில் சொன்னதையே மௌலவி பென்சிலால் எழுதிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

1972இல் ஆஸிக்கு மூளையில் இரத்தக் கசிவு. அடுத்த வருடம் 'அல்-மஹத்தா' நாடகம் ஆஸியின் கை இல்லாமல் மேடை ஏறவேண்டும். ஸியாத் ஒரு மெட்டு வைத்திருந்தான், வயது பதினேழு. மன்சூர் அதற்கு வரிகள் எழுதினார். ஆட்கள் உன்னைப் பற்றி என்னிடம் கேட்டார்கள் என்று தொடங்கும் அந்தப் பாட்டை, கணவன் பக்கத்தில் இல்லாத மேடையில், மகன் போட்ட மெட்டில் ஃபைரூஸ் பாடினார். நாங்கள் சனிக்கிழமை கடைசியாகப் போட்ட பாட்டு அதுதான். ஏன் ஸியாதின் சாவுக்கு நான் அழுதேன் என்று மருமகளுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

1975இலிருந்து 1990 வரை உள்நாட்டுப் போர். ஃபைரூஸ் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் எந்தப் பக்கத்துக்காகவும் மேடை ஏறவில்லை. பாரிஸிலும் லண்டனிலும் பாடினார். சொந்த ஊரில், 1978இல் 'பெட்ரா' பாட்டு நாடகத்தைப் பெய்ரூட்டின் இரண்டு பக்கமும் போட்டதைத் தவிர, பாடவில்லை. சண்டை பிடித்த எல்லாப் பக்கத்து ரேடியோவிலும் காலையில் அவர் குரல்தான். 1994 செப்டம்பரில் பெய்ரூட் தியாகிகள் சதுக்கத்தில் பாடினார், நகரத்தை இரண்டாகப் பிரித்த கோடு ஓடிய அதே இடத்தில். எங்கள் பக்கம் முப்பது வருடம் நடந்ததைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சனிக்கிழமை இந்த இடத்தில் மண்டபம் அப்படியே அமைதியாகிப் போனதைப் பார்த்தேன்.

2004 டிசம்பர் 26. கடல் வந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடுகிறது, ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. மூன்று நாள் தெத்தா ரேடியோவைத் தொடவில்லை. அந்த வீட்டில் ஃபைரூஸ் இல்லாத காலைகள் அவை மட்டும்தான். நாலாம் நாள் தம்பியின் குரல் கேட்டது. அம்மா உயிரோடு இருந்தார். சின்னம்மாவும் அவர் பேரனும் இல்லை. தெத்தா என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டி ரேடியோவைப் போட்டார்.

2006 ஜூலையில் ஃபைரூஸ் மறுபடி பால்பெக்கில் பாட இருந்தார். தெத்தாவின் பேரன் மூன்று டிக்கெட் வாங்கினான், ஒன்று எனக்கு. 12ஆம் திகதி இஸ்ரேலோடு போர் தொடங்கியது, நிகழ்ச்சி நின்றுபோனது. ஆகஸ்டில் மற்ற இலங்கைப் பெண்களோடு பஸ்ஸில் எல்லை கடந்து சிரியா வழியாக வீடு வந்தேன். தெத்தா வாசல்வரை வந்து தன் கோப்பிக் கெண்டியை, நீளக் கைப்பிடி வைத்த அந்த 'ரக்வே'யை, என் பைக்குள் திணித்தார். 2009இல் அவர் போய்விட்டார். நேரில் நன்றி சொல்லக் கிடைக்கவில்லை. தெத்தா, அந்த டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரி, ஊர் ஆட்களுக்கு வருகிறேன். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வாசிகசாலை நிர்வாகத்துக்கு நன்றி. தமிழ் வரிகளைத் திரையில் பாட்டோடு ஓடவிட்ட தம்பி இரண்டு இரவு தூங்கவில்லை என்று உன் அம்மா சொன்னார். ஒரு சொல்கூடப் பிந்தவில்லை அப்பன். ஸ்பீக்கர் தந்தவர் காசு வேண்டாம் என்றுவிட்டார், அவருடைய அக்காவும் லெபனானில் இருந்தவராம். கதிரை போதாமல் பாய் கொண்டுவந்த முன்வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றி. அப்புறம், முன்வரிசையில் இருந்த ஐந்து பெண்கள். பெய்ரூட்டிலும் அம்மானிலும் குவைத்திலும் வேலை செய்தவர்கள். 'கீஃபக் இந்தா', அதாவது 'எப்படி இருக்கிறாய் நீ', தொடங்கியதும் திரையைப் பார்க்காமலே கூடப் பாடினீர்கள். அந்தப் பாட்டு 1991இல் வந்தது, மெட்டு ஸியாத் போட்டது. உங்களில் இருவர் வெளிநாடு போய் வந்தது எனக்கே தெரியாது, ஒரே தெருவில் இத்தனை வருடம் இருக்கிறோம்.

கடைசியாக எங்கள் பெரியம்மா மகளுக்கு. வந்தவர்களுக்கு லெபனான் கோப்பிதான் கொடுப்பது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தெத்தாவின் ரக்வேயில் ஒரு தடவைக்கு ஆறு பேருக்குத்தான் வரும். ஏலக்காய் தட்டிப் போட்டு, பொங்கி வழியாமல் பார்த்துப் பார்த்து இறக்கி, அறுபதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு நீ ஒருத்தியே ஊற்றினாய் அக்கா. ஒரு பாட்டுக்குக்கூட உன்னை உள்ளே வந்து உட்கார விடவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "அதுக்கென்ன, குசினி யன்னலால எல்லாம் கேட்டன்தானே."