உறைவிந்தை வெயிலில் காட்டலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கறவை மாடுகள் சினை பிடிக்காமல் போவதற்குத் தீவனத்தையும் தாது உப்புக் குறைவையும் காரணம் காட்டிய தங்கள் கட்டுரை, வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரியும் சொல்லாதது பெருங்குறை. செயற்கைக் கருவூட்டலுக்காகத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் காக்கப்பட்ட விந்துக் குச்சியை, அதாவது காளையின் உறைவிந்து அடைத்த மெல்லிய குழாயை, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் இளக்கிவிட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டும்வரை அதை உச்சி வெயிலில் கையில் வைத்தபடி நிற்பதை எங்கள் பகுதியில் பார்க்கிறேன். புற ஊதாக் கதிர்கள் விந்தணுவின் மரபுப்பொருளையே சிதைக்கக்கூடியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் நீல நிறப் பகுதி, ஆக்சிஜன் உள்ள சூழலில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உண்டாக்கி, விந்தணுவின் மேற்சவ்வையும் நீந்தும் திறனையும் கெடுக்கிறது. ஒளி முழுவதும் பகையன்று. அளவோடு செலுத்திய சிவப்பு ஒளி பன்றி விந்தணுவின் திறனைக் கூட்டியதாக ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டுள்ளனர். ஆனால் அது ஆய்வுக்கூட விளக்கு, நம் சித்திரை வெயில் அன்று. மாடு சினைக்கு வரும் ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டிய ஏழைக் குடும்பங்களை எண்ணி, மாட்டை முதலில் நிழலில் கட்டிய பிறகே குச்சியை இளக்க வேண்டும் என்பதைக் கால்நடை பராமரிப்புத் துறை தன் பயிற்சிகளில் கண்டிப்பாக வலியுறுத்த வேண்டுகிறேன்.

— கறவை மாடு வளர்க்கும் வாசகர், ஈரோடு மாவட்டம்