பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையே

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் புது வீடு டோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் என்று பார்த்ததும், வரலாறு நடத்தியே பழகிப்போன எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. 1945-ஆம் ஆண்டைப் பற்றி அலுவலகத்தில் பேச்சு வந்தபோது எல்லாரும் ஹிரோஷிமாவோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். உலகமே அப்படித்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆண்டை ஆகஸ்டிலிருந்து படித்தால் பாதிதான் விளங்கும்; பிப்ரவரியிலிருந்து படிக்க வேண்டும்.

1937-இல் சீனாவுடன் போர் மூண்டபோது பிரதமராக இருந்த கொனோயே ஃபுமிமாரோ, 1945 பிப்ரவரி 14 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோவைச் சந்தித்து, தோல்வி இனித் தவிர்க்க முடியாதது, போரை உடனே முடிக்க வேண்டும் என்று முறையிட்டார். மக்கள்மீது கொண்ட இரக்கத்தைவிட, தோல்வியின் பின்னே கம்யூனிஸ்ட் புரட்சி வந்து அரச பரம்பரையே அழிந்துவிடுமோ என்ற அச்சமே அவரைப் பேசவைத்தது; ஆனாலும் அவர் சொன்னது சரிதான். பேரரசரோ, இன்னும் ஒருமுறை போர்க்களத்தில் வெற்றி கண்டாலன்றிச் சமாதானப் பேச்சு கடினம் என்ற எண்ணத்தில் இருந்தார். அந்த ஒரு வெற்றிக்காகக் காத்திருந்த ஆறு மாதங்களின் கதைதான், என் கணக்கில், 1945.

கொனோயே முறையிட்டு நான்கு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 9 இரவு, அமெரிக்க விமானப் படைத் தளபதி கர்ட்டிஸ் லெமேயின் உத்தரவுப்படி, பசிபிக் கடலிலுள்ள மரியானா தீவுகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட பி-29 குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டன. வெகு உயரத்திலிருந்து தொழிற்சாலைகளைக் குறிவைத்த பழைய முறையை அவர் கைவிட்டிருந்தார். விமானங்களின் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் கழற்றிவிட்டு, மிச்சமான எடைக்கும் தீக்குண்டு ஏற்றி, 1,500 முதல் 2,700 மீட்டர் உயரத்தில் இரவில் பறக்கவிட்டார். குறி, நீ இப்போது குடியிருக்கும் இடம்: அன்றைய ஹோஞ்சோ, அதன் தெற்கே ஃபுகாகவா, சுமிதா ஆற்றுக்கு அக்கரையில் அசாகுசா. மர வீடுகளும் சிறு பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த உழைக்கும் மக்களின் பகுதி அது. எம்-69 என்ற அந்தக் குண்டு, ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள அறுகோண இரும்புக் குழாய். 38 குழாய்களைக் கட்டிய கட்டு வானிலேயே அவிழ்ந்து சிதற, ஒவ்வொன்றும் கூரையைத் துளைத்து இறங்கி, கூழாக்கிய பெட்ரோலை எரியவிட்டுப் பீய்ச்சியது. முதல் குண்டு விழுந்தது 12:08 மணிக்கு. அபாயச் சங்கு ஊதியது 12:15-க்கு.

அந்த இரவில் எனக்கு ஆறாதது விமானங்களைவிட ஒரு சட்டம்தான். 1937-இல் வந்து 1941-இல் கடுமையாக்கப்பட்ட வான்காப்புச் சட்டம், குடிமக்கள் நகரைவிட்டு வெளியேறுவதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. தீயை அணைப்பதைக் கடமையாக்கி, தவறினால் தண்டனை என்றது. ஆகவே பக்கத்து வீட்டுக் குழுக்களாகச் சேர்ந்திருந்த பெண்களும் முதியவர்களும் வாளித் தண்ணீர், மணல், மூங்கில் கழியின் நுனியில் கயிற்றுக் குஞ்சம் கட்டிய தீயடிப்பான் ஆகியவற்றோடு தெருவில் நின்றார்கள். பெட்ரோல் கூழின்மேல் வாளித் தண்ணீர் என்ன செய்யும்? இனி ஆகாது என்று ஓடத் தொடங்கியபோது, பலத்த காற்றில் தீ அவர்களை முந்திவிட்டிருந்தது. தலையைக் காக்கவென்று பஞ்சு வைத்துத் தைத்த முக்காடுகளிலேயே தீப்பொறி பற்றியது. அந்த ஆற்றின் கொதொதோய் பாலத்தில் இரு கரையிலிருந்தும் ஓடிவந்தவர்கள் நடுவில் முட்டி நின்று அப்படியே எரிந்தார்கள். ஒரே இரவில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் மாண்டார்கள். 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள். 41 சதுர கிலோமீட்டர் கருகியது. பாதுகாப்புக்காகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர், பள்ளியிறுதி விழாவுக்கென்று அந்த வாரம்தான் திரும்பி வந்திருந்தார்கள். ஆசிரியனாக இருந்தவனுக்கு இந்த வரியைத் தாண்டிப் போவது எளிதல்ல.

மார்ச் 18 அன்று பேரரசர் அந்தச் சாம்பல்மேட்டை நேரில் பார்த்தார். அதற்குப் பிறகும் போர் ஐந்து மாதம் நடந்தது.

எதிர்பார்த்த வெற்றி ஜப்பானின் தென்கோடித் தீவான ஒகினாவாவிலும் வரவில்லை. ஏப்ரல் 1 முதல் ஜூன் பிற்பகுதிவரை நீடித்த அந்தப் போரில், தீவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார் என்பார்கள். கடற்பாதைகளில் அமெரிக்கர்கள் கண்ணிவெடி விதைத்ததால் உணவுக் கப்பல்கள் குறைந்து, ஜூலையில் அரிசிப் பங்கீடு மேலும் வெட்டப்பட்டது. இதற்கிடையே அரசு நம்பியிருந்தது எதைத் தெரியுமா? சோவியத் யூனியன் நடுவராக வந்து கௌரவமான சமாதானம் வாங்கித்தரும் என்பதை. ஜப்பானுக்கு எதிராகப் போரில் இறங்குவதாக யால்டா மாநாட்டில் சோவியத் தலைவர் ஸ்டாலின் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் எழுதிக்கொடுத்தது பிப்ரவரி 11 அன்று, கொனோயே அரண்மனைக்குப் போனதற்கு மூன்று நாள் முன்பு. இது அறியாத ஜப்பான், ஜூலையில் அதே கொனோயேயை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்ப அனுமதி கேட்டுக் காத்திருந்தது.

ஆகஸ்ட் மாதத்தை நீ அறிவாய். 6-ஆம் தேதி ஹிரோஷிமா, 8-ஆம் தேதி சோவியத் போர்ப் பிரகடனம், 9-ஆம் தேதி நாகசாகி. அந்த 9-ஆம் தேதியும்கூட அறுவர் கொண்ட போர் வழிகாட்டு அவை, எந்த நிபந்தனையில் சரணடைவது என்பதில் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தே நின்றது. 14-ஆம் தேதி சரணடைவது முடிவாகி, அன்றிரவு அதை அறிவிக்கும் பேரரசரின் உரை இசைத்தட்டில் பதிவானது; அதைப் பறிக்க இளம் ராணுவ அதிகாரிகள் விடியும்வரை அரண்மனையைத் துழாவினார்கள். அதே இரவில் சைதாமாவிலுள்ள குமாகாயா நகரத்தில் தீக்குண்டு விழுந்து 266 பேர் இறந்தார்கள். முடிவெடுத்த பிறகும் செத்த அந்த 266 பேரை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதன்பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போர்வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஜப்பான் அரசு ஓய்வூதியம் வழங்கியது. ஓடாதே, நின்று அணை என்று அரசே சட்டம் போட்டு நிறுத்திய குடிமக்களுக்கு இழப்பீடு கிடையாது. டோக்கியோ குண்டுவீச்சில் தப்பியவர்கள் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2013-இல் தள்ளிவிட்டது. லெமேவுக்கோ, 1964-இல் அதே அரசு உதயசூரியன் விருதின் முதல் வகுப்பையே வழங்கியது!

ரியோகோகு ரயில் நிலையத்துக்கு அருகே யோகோஅமிச்சோ பூங்கா இருக்கிறது. 1923 நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்காகக் கட்டிய மண்டபத்திலேயே 1945-இல் மாண்டவர்களின் சாம்பலையும் வைத்திருக்கிறார்கள். இறந்தோர் பெயர்ப் பட்டியலைத் தாங்கிய நினைவுச் சின்னம் ஒன்றை 2001-இல்தான் அங்கே எழுப்பினார்கள். மார்ச் 10 அன்று அஞ்சலி நடக்கும். விடுப்பு கிடைத்தால் போய் வந்து எழுது.

அன்புடன்,
அப்பா