தாடையில் வைக்கும் எலும்பு எதிலிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் அக்காவுக்கு, கீழ்த்தாடையில் செயற்கைப் பல்வேர் பொருத்துவதற்கு முன்னேற்பாடாகச் சென்ற ஆண்டு ஒரு தனியார் பல் மருத்துவ நிலையத்தில் எலும்பு நிரப்பும் சிகிச்சை செய்தார்கள். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி 6 ஆண்டுகள் ஆகிவிட்டதால் அந்த இடத்து எலும்பு மெலிந்துவிட்டது என்றார் மருத்துவர். அது உண்மைதான். பல் போன இடத்தில் தாடை எலும்பின் அகலம் ஓராண்டுக்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறையக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே கரைந்துவிடும். செயற்கைப் பல்வேரான டைட்டானியத் திருகு அசையாமல் நிற்க அதைச் சுற்றி எலும்பு இருந்தாக வேண்டும்.

வீடு திரும்பிய பிறகுதான் நோயாளி அட்டையில் ஒட்டியிருந்த சிறிய ஒட்டுத்தாளைப் படித்தேன். மாட்டெலும்பிலிருந்து எடுத்த கனிமம் என்று அதில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. லயத்து வீட்டின் பின்புறம் பசு வளர்த்து, மாட்டுப் பொங்கலன்று அதன் கொம்புக்கு வர்ணம் பூசிய அம்மாவிடம் வளர்ந்தவர்கள் நாங்கள். அக்கா மாட்டிறைச்சியைத் தொட்டதே இல்லை. விவரத்தைச் சொன்னபோது கன்னத்தில் கை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார். அவர் கையெழுத்திட்ட ஆங்கிலப் படிவத்தில் எலும்பு மாற்றுப் பொருள் என்ற பொதுப்பெயர் மட்டுமே இருந்தது.

அந்தப் பொருளின் தரத்தை நான் குறை கூறவில்லை. வெப்பத்தாலும் வேதிப் பொருள்களாலும் புரதத்தை நீக்கிய பிறகு எஞ்சும் கனிமக் கூடுதான் அது. பார்வைக்கு அரிசி நொய்யைப் போல இருக்கும். அதன் நுண்துளைகளுக்குள் நம்முடைய இரத்தக் குழாய்களும் எலும்புச் செல்களும் புகுந்து புதிய எலும்பை உருவாக்குகின்றன. மிக மெதுவாகவே கரைவதால் நிரப்பிய இடம் பல ஆண்டுகள் வடிவம் குன்றாமல் இருக்கிறது. மருத்துவர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் வேறு வழிகளும் உண்டு. நோயாளியின் மோவாயிலிருந்தோ தாடையின் பின்பகுதியிலிருந்தோ எடுக்கும் சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பதால் அது மிகச் சிறந்தது என்றாலும், அதற்காக இன்னொரு புண்ணைத் தாங்க வேண்டும், கிடைக்கும் அளவும் கொஞ்சமே. தானமாகப் பெற்ற மனித எலும்பைப் பதப்படுத்தியும் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய திசு வங்கி நம் நாட்டிலேயே, கிளந்தான் குபாங் கெரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எந்த உயிரிலிருந்தும் எடுக்காமல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் ஹைட்ராக்சிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் ஆகிய கனிமத் துகள்களும் உள்ளன. பின்னது விரைவாகக் கரையும், முன்னது நெடுநாள் நிற்கும் என்பதால் இரண்டையும் கலந்தும் தருகிறார்கள். எது பொருந்தும் என்பதைப் பள்ளத்தின் அளவையும் நோயாளியின் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். எனினும், எதை உடலுக்குள் ஏற்பது என்ற முடிவில் நோயாளிக்கும் பங்கு உண்டு.

பள்ளத்தில் நிரப்பிய துகள்களின்மேல் போர்த்தும் சவ்வையும் மறந்துவிடக் கூடாது. அவற்றில் பல, பன்றியின் அல்லது மாட்டின் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. ஆகவே இது இந்துக்களின் கவலை மட்டுமன்று. நம் பக்கத்து வீட்டு முஸ்லிம்களும், சைவ உணவை நோன்பாகக் கொண்டவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

துகளும் சவ்வும் எந்த உயிரிலிருந்து வந்தவை என்பதை ஒப்புதல் படிவத்தில் மலாயிலும் தமிழிலும் எழுத வேண்டும் என்று மலேசியப் பல் மருத்துவ மன்றம் எல்லா மருத்துவ நிலையங்களுக்கும் வழிகாட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அதையும் அறுவைச் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்த பிறகு சொல்லாமல், முதல் சந்திப்பிலேயே சொன்னால்தான் வீட்டில் கலந்து பேச முடியும். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தோட்டத்து முதியவர்களுக்கு யாராவது வாய்விட்டுப் படித்துக் காட்டவும் வேண்டும்.

அக்காவுக்கு வைத்த எலும்பு 6 மாதத்தில் கெட்டிப்பட்டு, பல்லும் பொருத்தியாயிற்று. கடந்த மாதம் வலப்பக்கத்துப் பல் ஒன்றை எடுக்க நேர்ந்தபோது, செயற்கைத் துகளே போதுமா என்று அவரே கேட்டார். இந்தச் சிறிய பள்ளத்துக்கு அது தாராளமாகப் போதும் என்று சொன்ன மருத்துவர், அதே அறையின் அலமாரியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.