அடுத்த ரகம் இருக்கட்டும், விதைநெல் எங்கே?

ஆப்பிரிக்க நெல் மையத்தின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த மாண்புமிகு வேளாண் அமைச்சர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்து உங்கள் மையம் உருவாக்கிய நெரிக்கா நெல்லைப் பற்றி வாசித்த நாளிலிருந்து மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். புது ரகம் உருவாக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியாவது விதைநெல்லை ஊருக்குக் கொண்டுசேர்ப்பதிலும் வேண்டும்.

நெரிக்கா லேசில் வந்த ரகமல்ல. நைஜர் ஆற்றுச் சமவெளியில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது ஆப்பிரிக்க நெல். அதன் இலைகள் சரிந்து தரையை மூடும், களை எளிதில் தலைதூக்காது. ஆனால் கதிர் முற்றினால் தாள் சாயும், மணி உதிரும். விளைச்சலுக்குப் பேர்போன ஆசிய நெல்லோடு கலந்தாலோ, பிறந்த பயிர் பதராகவே நின்றது. 1990களில் சியரா லியோனைச் சேர்ந்த நெல் விஞ்ஞானி மான்ட்டி ஜோன்ஸின் குழு, ஐவரி கோஸ்ட்டில், இரண்டையும் கலந்து உண்டான இளங்கருவைப் பிரித்தெடுத்துக் குடுவையில் வளர்த்தது. அதை ஆசிய நெல்லோடு மறுபடி மறுபடி கலந்து மணி பிடிக்க வைத்தது. மரபணு மாற்றுப் பயிர் என்று இதைச் சேர்த்துத் திட்டுபவர்கள் உண்டு. அது தப்பு, இது கலப்பினம்தான். 2004-ல் ஜோன்ஸுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பரிசைவிட எனக்குப் பிடித்தது, ரகத்தை உழவர்களிடம் கொண்டுபோன விதம். ஊரிலேயே ஒரு நெல் தோட்டம் போட்டு, 60 ரகங்கள் வரை பாத்தி பாத்தியாக வளர்த்தார்கள். ஆண்களும் பெண்களும் பயிர் வளரும்போது ஒரு தரம், முற்றும்போது ஒரு தரம் வந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஆளுக்கு 6 ரகம் வரை தங்கள் நிலத்தில் விதைத்தார்கள். மூன்றாம் ஆண்டு விதைக்குக் காசு கொடுக்க வேண்டும். கைக்காசைப் போட்டு வாங்குகிறார்களா என்பதைவிட நேர்மையான பரீட்சை ஏது?

சரி, பரீட்சையில் தேறிய ரகத்துக்கு விதை? ரகத்தை உருவாக்கியவர் தரும் கொஞ்சம் வல்லுநர் விதையிலிருந்து பெருக்குவது ஆதார விதை, அதிலிருந்து உழவருக்கான சான்று விதை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவம் போகும். நடுவில் ஒரு பருவம் பணம் வராவிட்டால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

நல்லவேளை, நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், பக்கத்து ரகத்தோடு எளிதில் கலக்காது. ஊடே முளைத்த வேற்று ரகப் பயிரைப் பிடுங்கி, தனியே அறுத்து, நன்றாக உலர்த்தி வைத்தால் உழவரே சில ஆண்டுகளுக்கு விதை எடுக்கலாம். அப்புறம் ஒருமுறை புது ஆதார விதை வந்தால் போதும். ஊர் அளவிலான இந்த விதை முறையை உங்கள் மையமே முன்பு பரப்பியது. அதை அவ்வப்போது வந்துபோகும் திட்டங்களின் காசை நம்பி விடாமல், உங்கள் நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக வையுங்கள். பயிற்சிக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரை மட்டும் அழைக்காமல், அந்த நிலத்தில் குனிந்து களையெடுக்கும் பெண்ணையும் அழையுங்கள்.

மையத்தை வழிநடத்தும் உங்கள் அமைச்சர்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில், வெளியிட்ட ரகங்களின் பட்டியலோடு இன்னொரு தாளும் வேண்டும்: போன பருவத்தில் ஒவ்வொரு நாடும் எத்தனை கிலோ ஆதார விதை எடுத்தது, அது எந்தெந்த ஊருக்குப் போனது.

இப்படிக்கு,
நெல் விளையும் ஊரிலிருந்து ஒரு வாசகர்