தண்ணீர்க் குழுவுக்கும் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

ஊர் மக்கள் தாமே தீட்டித் தாமே நடத்தும் குடிநீர்த் திட்டமொன்றில் வெளிநாட்டுத் தொண்டர்களாகப் பணியாற்றிவிட்டு எங்கள் குழு அண்மையில் திரும்பியுள்ளது. பாராட்டி எழுதிய பலருக்கும் நன்றி. ஆனால் அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலருக்கு உரியது என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி, அத்திட்டத்தை நடத்தும் ஊராரின் தண்ணீர்க் குழு உறுப்பினர்களுக்கு. ஆழ்துளைக் கிணறு எங்கே அமைய வேண்டும், ஒவ்வொரு வீடும் பராமரிப்புக்கு எவ்வளவு தர வேண்டும், தர இயலாத முதியோருக்கு என்ன வழி என்பவற்றையெல்லாம் நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்திருந்தார்கள். நிலத்தடி நீர் ஆய்வின் முடிவை விளக்குவதும் கணக்கேட்டை ஒழுங்குபடுத்தத் துணைபுரிவதும் மட்டுமே அவர்கள் எங்களிடம் கேட்டவை. கேட்டதற்கு மேல் செய்யத் துடிப்பது வெளியிலிருந்து வரும் தொண்டர்களின் பொதுவான இயல்பு. அதை அவர்கள் முகம் சுளிக்காமல், ஆனால் உறுதியோடு, எல்லைக்குள் நிறுத்தினார்கள்.

பம்பு பராமரிப்பைப் பொறுப்பேற்றுள்ள பெண்களுக்கு எங்கள் தனி வணக்கம். அங்கே பொருத்தப்பட்டிருப்பது அஃப்ரிடேவ் வகைக் கைப்பம்பு. பழுதானால் நகரத்திலிருந்து வண்டியும் ஆட்களும் வரும்வரை காத்திருக்க நேர்ந்த நிலையை மாற்ற வேண்டும், ஊராரே பழுதுபார்க்க முடிய வேண்டும் என்ற நோக்கத்துடன் 1980களில் உருவாக்கப்பட்ட வடிவமைப்பு அது. சுமார் 45 மீட்டர் ஆழம் வரை நீர் இறைக்கும். வழக்கமான பராமரிப்புக்கு ஒரே ஸ்பானர் போதும். ஏறுகுழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மேலே எடுத்துவிடலாம். இவற்றை நாங்கள் படித்துத்தான் அறிந்திருந்தோம். நீர் கசியாமல் தடுக்கும் வளையம் (சீல்) தேய்ந்தால் அதை மாற்றி அதே கிணற்றில் மீண்டும் தண்ணீர் வரவழைப்பதை அந்தப் பெண்களிடம்தான் கற்றுக்கொண்டோம்.

கூட்டங்களில் எங்களுக்கு மொழிபெயர்த்த இளைஞர்களுக்கும் நன்றி. கசப்பான கேள்விகளைக்கூட அவர்கள் இனிப்பாக்காமல் அப்படியே சொன்னதால்தான் எங்கள் பேச்சுவார்த்தைகள் பயனுள்ளவையாக அமைந்தன. தங்கள் வீடுகளில் இடம் தந்த குடும்பங்களையும், எங்கள் அலுவலக வேலையைப் பகிர்ந்துகொண்ட நண்பர்களையும், பயணச் செலவுக்கு உதவியவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 5 அன்று கொண்டாடப்படும் சர்வதேசத் தொண்டர் தினத்தை 1985-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தபோது, ‘பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான’ என்ற அடைமொழியோடுதான் அறிவித்தது. ஆயினும் அந்நாளில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் விமானம் ஏறிச் சென்றவர்களின் படங்களே. ஊதியமின்றிக் கணக்கு எழுதும் பொருளாளரும், விடியற்காலையில் பம்பைச் சரிபார்க்கும் பராமரிப்பாளரும் முழுமையான தொண்டர்கள். எங்களுக்கு இருந்ததுபோல் ஊர் திரும்பும் தேதி அவர்களுக்கு இல்லை.

தொடர்ந்து உதவ விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நன்கொடையை எங்கள் குழுவிடம் தராமல், தண்ணீர்க் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். அதை உதிரிபாகங்களுக்குச் செலவிடுவதா, அடுத்த கிணற்றுக்குச் சேர்த்துவைப்பதா என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும்.

நன்றியுடன்,
தொண்டர் குழுவினர்