ஆர்டர் கைக்கு வரும்வரை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு காலை

பாப்பா,

ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ முடிந்து 11 நாள் ஆச்சு, ஒரு போன்கூட இல்லை என்று நேற்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதியில் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒருமுறைக்கு இருமுறை படி.

மருத்துவமனைக் கணக்கில் 11 நாள் ஒன்றுமே இல்லை. நீ அறையை விட்டு வெளியே வந்ததும் உன் மார்க் ஷீட் எங்கே போகிறது என்று யோசித்துப் பார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் போட்ட மார்க்கைக் கூட்டி, நர்சிங் சூப்பரின்டென்டன்ட் வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போடுவார். அது எச்.ஆருக்குப் போகும். அவர்கள் அனுபவத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று எழுதி மேலே அனுப்புவார்கள். மெடிக்கல் காலேஜ் மருத்துவமனை என்றால் அதற்கு மேலும் ஒன்றிரண்டு மேசை உண்டு. அதில் ஒருவர் ஊரில் இல்லையென்றாலும் ஃபைல் அங்கேயே தூங்கும்.

அதைவிடப் பெரிய காரணம் இடம். இன்டர்வியூ வைக்கும்போதே இடம் காலியாக இருக்கும் என்று இல்லை. ஐ.சி.யூ.வில் ஒரு பெண் நோட்டீஸ் கொடுத்திருப்பாள். அவள் கணக்கு முடித்துக் கிளம்பினால்தான் உன் இடம் திறக்கும். அவள் வளைகுடாவுக்குப் போகிறவளாக இருந்து விசா தள்ளிப்போனால், "இன்னும் ஒரு மாசம் இருந்துக்கிறேன் சிஸ்டர்" என்பாள். உன் ஃபைலும் அவளோடு சேர்ந்து நிற்கும். நீ எப்படிப் பதில் சொன்னாய் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் இடம் திறந்த அன்று அவர்களுக்கு வரும் அவசரம் வேறு மாதிரி. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ், வென்டிலேட்டர் இல்லாத ஐ.சி.யூ. நோயாளி இருவருக்கு ஒரு நர்ஸ் என்பது உனக்குத் தெரிந்த கணக்குதான். 10 படுக்கையில் 4 வென்டிலேட்டர் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 7 பேர், மூன்று ஷிஃப்டுக்கு 21 பேர், லீவுக்கு 30 சதவீதம் சேர்த்தால் 27 பேர். இதில் இரண்டு பேர் குறைந்தால் யாருக்கு எந்த டூட்டி என்று ரோஸ்டர் போடுகிறவருக்குத் தூக்கம் போய்விடும். அப்போது போன் வரும்: "நாளைக்கே ஜாயின் பண்ண முடியுமா?" மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஓடிவரச் சொல்வார்கள். தப்புகள் நடப்பது அந்த ஒரு நாளில்தான். காத்திருக்கும் இந்த நாட்களில் அதற்குத் தயாராகிக்கொள்.

முதலில் போன். டூட்டியில் செல்போன் லாக்கரில் இருக்கும், தெரியும். புதுச்சேரி என்றால் 0413, கடலூர் என்றால் 04142 என்று தொடங்கும் மிஸ்டு கால் இருக்கிறதா என்று ஷிஃப்ட் முடிந்ததும் பார். திருப்பி அழைத்தால் ரிசப்ஷனுக்குத்தான் போகும். யார் கூப்பிட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. "எச்.ஆருக்குக் கொடுங்க, இல்லன்னா நர்சிங் ஆபீசுக்குக் கொடுங்க" என்று கேள். மெயிலில் ஸ்பாம், புரமோஷன்ஸ் இரண்டையும் தினம் ஒருமுறை திற.

நீயே கூப்பிடலாமா என்று கேட்டாய். கூப்பிடலாம், ஒரே ஒரு தடவை. இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றுதானே சொன்னார்கள்? அதற்கு மேல் இரண்டு வேலை நாள் விட்டுக் கூப்பிடு. காலை 8 மணிக்கு ஷிஃப்ட் மாறும் ஹேண்டோவர், அதன் பின் ரவுண்ட்ஸ், திங்கட்கிழமை என்றால் ஓ.பி. கூட்டம். மாதக் கடைசியிலிருந்து 5ஆம் தேதி வரை எச்.ஆர். சம்பளக் கணக்கில் மூழ்கியிருக்கும். செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள், மதியம் 3 மணிவாக்கில் கூப்பிடு. பெயர், இன்டர்வியூ தேதி, ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "என் அப்ளிகேஷன் எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?" என்று கேள். "செலக்ட் ஆயிட்டேனா?" என்று கேட்காதே. அதற்குப் பதில் சொல்ல அந்த மேசைக்காரருக்கு அதிகாரம் இருக்காது, மழுப்புவார், நீ அழுவாய். அப்பாவையோ மாமாவையோ பேச வைக்கவே வேண்டாம். ஐ.சி.யூ.வில் தனியாக முடிவெடுக்க வேண்டிய பெண்ணுக்காக வீட்டு ஆள் போன் செய்தால், அங்கே அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது ராஜினாமா. வாயால் சொன்ன வேலை வேலையில்லை. போஸ்ட், சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆர்டர் வந்த பிறகுதான் இப்போதைய இடத்தில் நோட்டீஸ் கொடு. உன் ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் என்றிருந்தால், "ஆர்டர் கிடைத்த நாளிலிருந்து 35 நாளில் சேர்கிறேன்" என்று கேள். கூடுதலாக வரும் அந்த 5 நாள், வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் கையெழுத்தாகி வர. சொல்லாமல் கொள்ளாமல் விட்டு வந்தால் அந்த இரண்டும் கிடைக்காது, புது எச்.ஆர். முதலில் கேட்பதும் அவற்றைத்தான். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் பழையதையே கொடு. புதிதாக ஒன்று உருவாகிவிட்டால் இரண்டு கணக்கையும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சர்டிபிகேட் விஷயத்தில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வரும் வில்லங்கம் இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், சரிபார்ப்பவருக்குத் தெரியாது. பத்தாவது, பன்னிரண்டாவது, நான்கு வருட மார்க் ஷீட்கள், டிகிரி, ஆர்.என். ஆர்.எம். என்ற கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், ஆதார், பான் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. இனிஷியல் மட்டும் மாறியிருந்தால் நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் போதுமா என்று எச்.ஆரிடம் கேட்டுக்கொள். ஆதாரில் எழுத்தோ தேதியோ மாறியிருந்தால் அதைத் திருத்த இன்றே விண்ணப்பம் போடு, அதற்கு நாள் பிடிக்கும். ரிஜிஸ்ட்ரேஷன் எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பார்த்துவிடு.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டை எங்கே? சேருவதற்கு முன் மெடிக்கல் செக்கப்பில் கேட்பார்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றும் போட்டிருந்தால் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று காட்டும் ஆன்டி ஹெச்.பி.எஸ். டைட்டர் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடு. 10க்கு மேல் இருந்தால் பயமில்லை. இரண்டாவதோடு நின்றிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட மூன்றாவதைப் போட்டுக்கொண்டால் போதும். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள், அதன் தேதியையும் பார்.

மறுபடி கூப்பிட்டு ஸ்கில் டெஸ்ட் வைத்தாலும் வைப்பார்கள். ஐ.சி.யூ. என்றால் டோஸ் கணக்கு நிச்சயம். ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் டோபமின் 200 மில்லிகிராம் ஆம்ப்யூல் 5 மில்லி. அதோடு 45 மில்லி சலைன் சேர்த்தால் 50 மில்லி சிரிஞ்சில் மில்லிக்கு 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000. அதை 4000ஆல் வகுத்தால் 4.5. பம்ப்பில் மணிக்கு 4.5 மில்லி. நிமிடத்தை மணியாக்க 60ஆல் பெருக்குவதைத்தான் பதற்றத்தில் மறப்பார்கள். 0.075 என்று விடை வந்தால் அது மறந்ததன் அடையாளம். ட்ரிப் கேட்டால் செட்டைப் பார்: மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு 42 சொட்டு. ஊசி குத்திக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டால் "விரலை அமுக்கி ரத்தத்தை வெளியேற்றுவேன்" என்று பலர் சொல்வார்கள். அது தப்பு. அமுக்கக் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும், உடனே ரிப்போர்ட். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணிக்குள் தொடங்கி 28 நாள். பொட்டாசியம் குளோரைடை நேராக ரத்தக்குழாயில் தள்ளும் ஐ.வி. புஷ்ஷாகக் கொடுப்பதில்லை என்பது கேட்காவிட்டாலும் வாயில் வரவேண்டும்.

சம்பளம் பேசும்போது "20,000" என்று சொன்னால் எந்த 20,000 என்று கேள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000, கிராஸ் (பிடித்தத்துக்கு முன் மொத்தம்) 20,000 என்று வை. பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 150, கைக்கு 18,410. அதிலிருந்து ஹாஸ்டல், மெஸ் பிடித்தமும் போகும். அதே 20,000ஐ சி.டி.சி., அதாவது உனக்காக நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்று சொன்னால் நிர்வாகம் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கும் அதற்குள்ளேயே அடங்கும், கைக்கு இன்னும் குறையும். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்குச் சமமாக வேண்டும் என்றது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. அதைக் காட்டிச் சண்டை போடாதே. ஆனால் உன் வேலையின் விலை தெரியாமல் தலையாட்டாதே.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்து அன்றே திருப்பி வாங்கு. வைத்துக்கொள்கிறோம் என்றால் ஏன், எத்தனை நாள் என்று கேள். என்னென்ன கொடுத்தாய் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் கொடுக்காதே. இத்தனை வருடம் வேலையை விடமாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்ட் பேப்பர் நீட்டினால் எத்தனை வருடம், இடையில் விட்டால் எவ்வளவு என்ற இரண்டு வரியைத் தேடிப் படி. படிக்க ஒரு நாள் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவும் உனக்கு ஒரு தகவல்தான்.

இந்த ஒரு ஃபைலையே பார்த்துக்கொண்டு மற்றதை விட்டுவிடாதே. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போடு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை நர்சிங் ஆபீசர் போன்ற மத்திய அரசு குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரியிலிருந்து இன்டர்வியூவே கிடையாது, கம்ப்யூட்டர் தேர்வு மார்க்தான். அங்கே யார் போன் செய்வார்கள் என்று காத்திருக்கும் வேலையே இல்லை. இவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த காலியிடத்துக்கு என் அப்ளிகேஷனை வைத்திருப்பீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வை.

இங்கிருந்து புதுச்சேரிக்குப் போய்வர முடியுமா என்று அப்பா கேட்கிறார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று பஸ்ஸுக்குக் குறைவில்லை. பகல் ஷிஃப்டுக்குச் சரி. இரவு 8 மணி ஷிஃப்டுக்கு வண்டி விடுகிறார்களா, 2 டு 8 முடித்துவிட்டு இரவில் எப்படித் திரும்புவது என்பதை சேருமுன் கேள்.

சனிக்கிழமை வரும்போது ஒரிஜினல் ஃபைலை மறக்காமல் எடுத்து வா. ஜெராக்ஸ் மூன்று செட் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம், பாஸ்போர்ட் போட்டோ எட்டு வேண்டும். ஊசி அட்டை இங்கே பீரோவில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.

அம்மா