கேமராவைத் தள்ளி வைக்கச் சொன்னீர்கள், கணினியை மறந்துவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் வந்த ஒரு சிறு குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் வைஃபை கேமரா வைத்திருப்பவர்கள் அதை ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கென்று ரவுட்டர் தரும் தனி வைஃபையில்) சேர்த்துவிடுவது நல்லது, கேமராவுக்குள் யாராவது புகுந்தாலும் கணினியில் இருக்கும் கோப்புகளை எட்ட முடியாது என்பது அதன் சாரம். குறிப்பில் தவறில்லை. ஆனால் ஒரு வரி குறைந்திருந்தது. அந்த ஒரு வரிக்காக நான் 11 நாள் அலைந்தேன். மற்ற வாசகர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் 31 ஆண்டு தொலைபேசி லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, பின்னறையில் படுத்திருக்கிறார். நான் பகலில் பெரும்பாலும் முன்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். கூப்பிட்டால் எனக்குக் காது சரியாகக் கேட்காது. இதை யோசித்து மகள் ஒரு சிறிய வைஃபை கேமரா வாங்கி அனுப்பினாள். தங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அதைக் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்தவனும் நான்தான். கைபேசியில் படம் பளிச்சென்று வந்தது. மகளுக்கும் அவள் இருக்கும் ஊரில் வந்தது. ஆனால் கைபேசித் திரை என் உள்ளங்கை அளவு. கண்ணில் புரை எடுத்தவனுக்கு அதில் போர்வை எது, ஆள் எது என்று தெரியவில்லை. கணினியின் பெரிய திரையில் ஓர் ஓரமாகப் படம் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தேன். அது மட்டும் வரவே இல்லை.

கேமரா நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பிள்ளை பணிவாகத்தான் பேசினான். "கைபேசியில் தெரியுதுல்ல சார், அப்போ கேமரா நல்லாத்தான் இருக்கு. கணினியை ரீஸ்டார்ட் பண்ணுங்க." செய்தேன். "ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க." அதையும் செய்தேன். "கேமராவை ரீசெட் பண்ணிடுங்க." அடியில் இருக்கும் துளையில் ஊசியை விட்டு 10 விநாடி அழுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் சொல்லி வைத்தாற்போலக் கெஸ்ட் நெட்வொர்க்கிலேயே சேர்த்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கணினிக்குக் காவல் இருக்கும் ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கச் சொன்னான். அதற்கும் அசையவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், விண்டோஸின் ஃபயர்வால் வழக்கமாக வெளியிலிருந்து தானாக உள்ளே வருவதைத்தான் தடுக்கும். நாமாகப் போய்க் கேட்டு வாங்குவதை அது தடுப்பதில்லை. காரணமே இல்லாமல் இரண்டு நாள் வாசற்கதவைத் திறந்து போட்டிருந்திருக்கிறேன்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் தொலைபேசி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் கருவியைப் பிரித்துக்கொண்டு உட்கார மாட்டோம். நடுவழியில் இருக்கும் பெட்டியில் இணைப்பைப் பிரித்து, இரண்டு பக்கமும் டெஸ்ட் போனை வைத்துப் பார்ப்போம். எந்தப் பக்கம் டயல் டோன் கேட்கிறதோ அந்தப் பக்கத்தை அத்தோடு மறந்துவிடலாம். கோளாறு மீதிப் பாதியில். அடுத்து அந்தப் பாதியைப் பாதியாக்குவோம். ரீஸ்டார்ட், ரீசெட் என்பதெல்லாம் இதற்கு நேர் எதிர். கோளாறு எங்கே என்று காட்டும் தடயத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். இது என் மண்டையில் உறைக்க ஒன்பது நாள் ஆயிற்று என்பதுதான் வெட்கம்.

பத்தாம் நாள் ரவுட்டருக்குள் வரும் வெளி இணைப்புக் கம்பியை மட்டும் பிடுங்கினேன். ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வைஃபையும் இருந்தது. கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்தேன். படம் வரவில்லை.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம் என்று நினைக்கிறேன். பின்னறைக் கேமராவும் என் கையிலிருக்கும் கைபேசியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், அவை நேராகப் பேசிக்கொள்வதாக எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தப் படம் வீட்டைவிட்டு வெளியே போய், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரைத் தொட்டு, திரும்பி என் கைக்கு வந்துகொண்டிருந்தது. கேமரா முன்னால் கையை ஆட்டினால் மூன்று விநாடி கழித்துக் கைபேசியில் கை ஆடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆக, கைபேசியில் படம் தெரிவது கேமராவுக்கு வெளி உலகத்தோடு தொடர்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. வீட்டுக்குள் கணினிக்கும் அதற்கும் வழி இருக்கிறதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உதவி எண்ணில் இருந்த பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை போலும். சில ஆப்கள் உள்நுழைவதற்கு மட்டும் வெளியே போய்விட்டு, படத்தை வீட்டுக்குள்ளேயே வாங்கும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. நானும் எழுதவில்லை.

கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டு, கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தேன். நெட்வொர்க்கில் கணினியின் வீட்டு இலக்கம் போன்ற ஐ.பி. முகவரி 192.168.1.7 என்றது. ஆப்பில் கேமராவின் விவரப் பக்கத்தில் அதன் முகவரி 192.168.5.23. சாதாரண வீட்டு ரவுட்டர்களில் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் ஒரே தெரு. எனக்கு மூன்றாவது எண் வேறு. கேமராவைக் கெஸ்ட் நெட்வொர்க்கில் விட்டதால் ரவுட்டர் அதற்கு வேறு தெருவைக் கொடுத்து, நடுவே சுவரும் எழுப்பிவிட்டது. கெஸ்ட் நெட்வொர்க் என்பதன் வேலையே அதுதான். வந்தவர் இணையத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வீட்டுக் கணினியைப் பார்க்கக் கூடாது. கேமரா என் கணினியைத் தொடக் கூடாது என்று நானே போட்ட தடை, என் கணினி கேமராவைத் தொடுவதையும் தடுத்துவிட்டது. தங்கள் குறிப்பில் விடுபட்ட வரி இதுதான். சில ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே தெருவிலேயே முகவரி கொடுத்துவிட்டு உள்ளுக்குள் தடுக்கும். அங்கே எண்களைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு கருவியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்க, அதே கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தேன். உடனே பதில் வந்தது. அந்தப் பாதி நல்லது, மறந்துவிடலாம். கேமராவின் முகவரியைக் கொடுத்தேன். "ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று நான்கு வரி. மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை என்பது போல. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து இதன் உடன்பிறப்பு ஒன்று வரும்.

கேமராவை வீட்டின் முக்கிய வைஃபைக்கு மாற்றினேன். முகவரி 192.168.1.14 ஆனது, பிங் பதில் சொன்னது. ஆனாலும் படம் உடனே வந்துவிடவில்லை. ஆப்பில் ஆர்.டி.எஸ்.பி. என்ற வசதி, அதாவது கேமரா தன் படத்தை வேறு கருவிகளுக்கு நேராகக் கொடுக்கும் வழி, அணைந்தே கிடந்தது. அதைத் திறந்து, அதற்கென்று தனியாக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, கணினியில் வீடியோ பார்க்க உதவும் விஎல்சி பிளேயரில் நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்ற இடத்தில் கேமராவின் முகவரியை 554 என்ற போர்ட் (வாசல்) எண்ணோடு கொடுத்த பிறகுதான் என் மனைவி பெரிய திரையில் தெரிந்தார். பிரவுசரில் இதை அடித்தால் திறக்காது. பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. அவற்றைக் கணினியில் நேராகப் பார்க்க என்ன செய்தாலும் முடியாது. வாங்குவதற்கு முன் பெட்டியில் ஆர்.டி.எஸ்.பி. அல்லது ஆன்விஃப் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2008-இல் தொடங்கியதுதான் ஆன்விஃப். என் பழைய கணினியில் படம் திக்கித் திக்கி வந்தது. கேமராவில் படத்தைச் சுருக்கும் முறை எச்.265 என்றிருந்ததை எச்.264 என்று மாற்றியதும் சீரானது.

நான்கே நாள். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு மறுபடி இருட்டு. இந்தத் தடவை ரீசெட் ஊசியைத் தேடாமல் நேரே பிங் அடித்தேன். வந்த செய்தி வேறு. என் கணினியின் முகவரியைப் போட்டு, அதுவே "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றது. அதாவது, இந்தத் தெருவில் அந்த இலக்கத்தில் வீடே இல்லை என்று என் கணினியே சொல்கிறது. ஆப்பைப் பார்த்தால் கேமரா 192.168.1.11-க்குக் குடிபோயிருந்தது. ரவுட்டர் முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. அது அணைந்து எழுந்தபோது யார் எங்கே இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு வேறு எண்ணைக் கொடுத்திருக்கிறது. கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் 12 எழுத்து மேக் முகவரியை (அந்தக் கருவிக்கென்றே உள்ள அடையாளத்தை) ரவுட்டரில் பதிந்து, இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று கட்டிப் போட்டேன். அதன் பிறகு மூன்று மின்வெட்டு வந்து போனது, கேமரா நகரவில்லை.

இருட்டியதும் தினமும் கேமரா ஓரிரு நிமிடம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது தனிக் கதை. அதற்கும் நெட்வொர்க்கின் மேல்தான் எல்லோரும் பழி போட்டார்கள். இருட்டினால் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், கூடுதலாக மின்சாரம் இழுக்கும். நான் மாட்டியிருந்ததோ நீளமான, நூல் போன்ற யு.எஸ்.பி. கம்பி. நீளக் கம்பியில் வோல்டேஜ் விழும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேமராவோடு வந்த குட்டைக் கம்பியை மாட்டினேன், அன்றோடு நின்றது.

முக்கிய நெட்வொர்க்குக்கு மாற்றியதால் தங்கள் குறிப்பு சொன்ன ஆபத்து திரும்ப வந்துவிட்டது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு விடப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றை ஏவிவிட்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளங்களின் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பெரிய தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. அதனால் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றினேன், அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன், கருவிகள் கேட்டால் வெளி உலகத்துக்குத் தானாக வாசல் திறந்துவிடும் யு.பி.என்.பி. என்பதை ரவுட்டரில் அணைத்தேன். இதற்கு மேல் எனக்குத் தெரிந்தது இல்லை.

ஒன்றை மட்டும் எண்ணிச் சிரித்துக்கொள்கிறேன். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், காப்பிப் பாத்திரத்தில் காப்பி மிச்சம் இருக்கிறதா என்று மேசையிலிருந்தே பார்க்க ஒரு கேமரா வைத்தார்கள். படம் அந்தக் கட்டிடத்தின் நெட்வொர்க்குக்குள்ளேயே ஓடியது. இணையத்தில் அது ஏறியது 1993-இல்தான். அவர்களுக்கு அறையிலிருந்து அறைக்கு நேராக வந்த படம், எனக்குப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு வர ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருந்தது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதுபவரிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். கெஸ்ட் நெட்வொர்க் குறிப்பை மறுபடி பிரசுரிக்கும்போது, இப்படிச் செய்தால் வீட்டுக் கணினியில் கேமரா தெரியாது, கைபேசியில் மட்டும் தெரியும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மற்றது, சில ரவுட்டர்களில் ஒருவழிப் பாதை அமைக்க முடியும் என்று படித்தேன். கணினி கேமராவைக் கூப்பிடலாம், கேமரா தானாகக் கணினியைக் கூப்பிட முடியாது. என் ரவுட்டரில் அது இல்லை. எந்த வகை ரவுட்டரில் இருக்கும், எங்கே போய் அமைக்க வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும்படி அவர் எழுதினால், கேமராவைத் திரும்பக் கெஸ்ட் நெட்வொர்க்குக்கே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தொலைபேசி லைன்மேன்